கூட்டி உட்கார வைப்பது கடைசி வேலை: வீட்டிலும் சபையிலும் சமாதானம் பண்ண ஒரு முழு வழிகாட்டி

அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று மூன்று வருடம். பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு மனது கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இருவரையும் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. இலை போடுவதற்குள் தம்பி எழுந்து போய்விட்டார். அண்ணன் சாப்பிடாமலே கை கழுவினார். பேச்சில்லாத வருடம் மூன்று என்பது ஐந்தானது. கூப்பிட்ட அந்தப் புண்ணியவான் நான்தான்.

அதற்குப் பிறகு பல வீடுகளில் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். சில இடங்களில் நடந்தது, சில இடங்களில் நடக்கவில்லை. புதிதாக இறங்குகிறவர்கள் எல்லோரும் நான் சறுக்கிய அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். இருவரையும் கூட்டி உட்கார வைத்து, கை கொடுக்கச் சொல்லி, ஜெபம் பண்ணி முடித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். அது கடைசிக்குப் பக்கத்தில் வருகிற படி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் அங்கே போனால் காயம்தான் பெரிதாகும்.

கீழே வரும் உதாரணங்கள் எந்த ஒரு வீட்டையும் குறிப்பவை அல்ல. பல வீடுகளில் பார்த்ததைச் சேர்த்து ஒரே வீடாகச் சொல்கிறேன்: அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அம்மா இருக்கிறார், அண்ணன் ஊரில் பூர்வீக வீட்டில், தம்பி சென்னையில், தங்கை கட்டிக் கொடுத்த ஊரில். நெல்லைப் பக்கத்துச் சபைகளில் இந்தக் கதை இல்லாத தெரு குறைவு.

இறங்குவதற்கு முன் உங்களிடம் இருக்க வேண்டியவை

குறைந்தது ஒரு மாத நேரம். ஒரே சாயங்காலத்தில் முடிப்பேன் என்றால் தொடங்க வேண்டாம். அவசரப்படுத்துகிற ஆளை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரு சின்ன நோட்டு. யார் என்ன சொன்னார் என்பதை அன்றன்றைக்கே எழுதி வைக்காவிட்டால், பத்து நாளில் நீங்களே இருவர் பேச்சையும் கலந்துவிடுவீர்கள்.

அப்புறம் பூட்டிய வாய். கேட்டதை வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லாமல் இருக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். முடியாது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் இந்த வேலையை வேறொருவரிடம் விடுங்கள்.

1. சமாதானம் பேசக்கூடிய விஷயம்தானா என்று முதலில் பாருங்கள்

எல்லாச் சண்டையும் சமாதானத்துக்கு உரியது அல்ல. புருஷன் அடிக்கிறான் என்று ஒரு பெண் சொன்னால், அது "இரண்டு பக்கமும் தப்பு இருக்கும்" என்று உட்கார்ந்து பேசுகிற விஷயம் இல்லை. முதலில் அவளும் பிள்ளைகளும் பத்திரமான இடத்துக்குப் போக வேண்டும். பெண்கள் உதவி எண் 181. குடும்ப வன்முறைக்கு எதிராக 2005ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. "பொறுத்துப் போம்மா, ஜெபத்தில் வை" என்று திருப்பி அனுப்பிவிட்டு, அவளுக்கு ஏதாவது ஆனபின் அழுது பிரயோசனமில்லை.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் மறைப்பது குற்றம். சபையின் பெயர் கெடும், குடும்ப மானம் போகும் என்று உள்ளுக்குள் பேசி முடிப்பவர் சமாதானம் பண்ணுகிறவர் அல்ல. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

எரேமியா தீர்க்கதரிசி காலத்திலேயே இந்தத் தவறு இருந்திருக்கிறது. சமாதானமில்லாதபோது சமாதானம் சமாதானம் என்று சொல்லி, ஜனத்தின் காயத்தை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள் என்று அவர் கடிந்துகொண்டார். மேற்பூச்சு என்பதுதான் சரியான சொல். உள்ளே சீழ் இருக்கும்போது மேலே மருந்து தடவினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவை இல்லாத மற்ற எல்லாம், அதாவது பணம், நிலம், சொன்ன சொல், கல்யாணத்தில் கொடுக்காத மரியாதை, சேகரக் கமிட்டித் (சபை நிர்வாகக் குழு) தேர்தலில் போடாத ஓட்டு, பேசித் தீர்க்கக் கூடியவையே.

2. இதில் நீங்கள் யார்?

சண்டையில் நீங்களே ஒரு கட்சியாக இருக்கலாம். அல்லது இருவரில் ஒருவர் உங்களைக் கூப்பிட்டிருக்கலாம். அல்லது யாரும் கூப்பிடாமலே உங்களுக்கு மனது பொறுக்காமல் இருக்கலாம். மூன்றுக்கும் வேலை வேறு.

கூப்பிடாமல் போவது பற்றி நீதிமொழிகள் வேடிக்கையாகவே சொல்கிறது: வழியே போகையில் தனக்கடாத வழக்கில் தலையிடுகிறவன் நாயைக் காதைப் பிடித்து இழுக்கிறவன். நாயின் காதைப் பிடித்தால் பிடித்திருக்கவும் முடியாது, விடவும் முடியாது. கூப்பிடாத இடத்தில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். ஒவ்வொருவரிடமும் தனியாகப் போய், "நான் இதில் உதவியாக இருக்கலாமா?" என்று கேட்பது. வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அவர்களே கூப்பிடுவார்கள். எனக்கு அப்படி நடந்திருக்கிறது.

நீங்களே கட்சி என்றால் கேள்வி வேறு: யார் முதலில் போவது? "தப்பு அவர் மேல், அவர் வரட்டும்" என்பது எல்லோரும் சொல்வது. மத்தேயுவில் இரண்டு இடங்களைச் சேர்த்து வாசியுங்கள். 5ஆம் அதிகாரத்தில், உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை இருந்தால் காணிக்கையை பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு நீ போ என்கிறார் இயேசு. 18ஆம் அதிகாரத்தில், சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தாலும் நீ போ என்கிறார். தப்பு செய்தவனுக்கும் சொன்னது "நீ போ". பாதிக்கப்பட்டவனுக்கும் அதே. இருவரும் கீழ்ப்படிந்திருந்தால் பாதி வழியில் முட்டிக்கொண்டிருப்பார்கள்.

எதையும் பேசாமல் விட்டுவிடலாமா? சின்ன விஷயங்களை விடலாம், விடுவது நல்லதும்கூட. ஆனால் உண்மையிலேயே விட்டீர்களா என்று சோதித்துக்கொள்ளுங்கள். அதை வேறு யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா? திருவிருந்து ஆராதனையில் ஒருவர் கையை ஒருவர் தொட்டுச் சமாதானம் சொல்லிக்கொண்டு வரும்போது அவர் பக்கம் போகாதபடி பெஞ்சு மாறி உட்காருகிறீர்களா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் விடவில்லை, உள்ளே வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

3. உங்கள் பங்கைத் தாளில் எழுதுங்கள்

கட்சியாக இருப்பவருக்கு இது கட்டாயம். மத்தியஸ்தராக இருந்தால், இருவரையும் தனித்தனியே இதைச் செய்ய வைக்க வேண்டும். எழுதினால்தான் மனதில் உருண்டுகொண்டிருப்பது நிற்கும்.

தாளை இரண்டாக மடியுங்கள். ஒரு பக்கம் நடந்தது, இன்னொரு பக்கம் நான் நினைத்துக்கொண்டது. "அப்பா அடக்கத்தின்போது அண்ணன் என்னிடம் செலவு கேட்டார்" என்பது நடந்தது. "மதினி சொல்லித்தான் கேட்டார்" என்பது நினைத்துக்கொண்டது. பெரும்பாலான தாள்களில் இரண்டாவது பக்கம்தான் நீளமாக இருக்கிறது. எழுதியவருக்கே அது அதிர்ச்சியாக இருக்கும்.

அதே தாளின் அடியில், நான் செய்தது என்று மூன்று வரியாவது வர வேண்டும். போன் எடுக்கவில்லை, பிள்ளைகளிடம் பெரியப்பாவைப் பற்றி மட்டமாகப் பேசினேன், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பொதுவாகப் போடுவதுபோல் ஒரு வசனத்தை அவரைக் குறிவைத்துப் போட்டேன். இந்தக் கடைசிக் குற்றம் நம்மிடம் மிகவும் அதிகம். வேதவசனத்தைக் கல்லாக எறிந்துவிட்டு, "நான் வசனம்தானே போட்டேன்" என்று நிற்கிறோம்.

மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தையும் இங்கேயே தயார் செய்யுங்கள். "ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சுக்கோங்க" என்பது மன்னிப்பு அல்ல. "ஏதாவது" என்று சொன்னால் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. "இருந்தா" என்று சொன்னால் அதுவும் சந்தேகமாகிவிட்டது. "அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீங்கள் கூப்பிட்டும் நான் வரவில்லை. அது தப்பு" என்று செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். பின்னாலேயே "ஆனா நீங்களும்..." என்று வரக்கூடாது. அந்த "ஆனா"வை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

4. இருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள்

இதுதான் வேலையின் பெரும்பகுதி. பத்துப் பங்கில் ஆறு பங்கு இங்கேயே கழியும். இங்கே அவசரப்பட்டால் மிச்சம் எதுவும் நிற்காது.

ஏன் தனியாக? "தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான்" என்று நீதிமொழிகள் 18 சொல்கிறது. முதலில் கேட்ட கதை மனதில் உட்கார்ந்துவிடும். இரண்டாவது ஆள் பேசும்போது அவரைக் குறுக்கு விசாரணை செய்யத் தோன்றும். இது உங்களுக்கும் நடக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். முதல் வீட்டிலிருந்து வெளியே வரும்போதே, "இப்போது எனக்கு ஒரு கதைதான் தெரியும்" என்று நோட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். சிறுபிள்ளைத்தனம்தான், ஆனால் உதவுகிறது.

இரண்டு சந்திப்புக்கும் நடுவே இடைவெளி விடாதீர்கள். முடிந்தால் ஒரே நாள், இல்லையென்றால் மறுநாள். ஊரில் நீங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனது மாலைக்குள் தம்பிக்குத் தெரிந்துவிடும். ஒரு வாரம் கழித்துப் போனால், அண்ணன் அனுப்பிய ஆளாகத்தான் உங்களை உட்கார வைப்பார்.

காபி விஷயம் அற்பமாகத் தெரியும். ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு வீட்டில் "இப்பத்தான் குடிச்சேன்" என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு வீட்டிலும் ஒரே அளவு உட்காருங்கள், ஒரே மாதிரி கை நனையுங்கள். புண்பட்டவர்கள் இதையெல்லாம் எண்ணிக்கொண்டுதான் இருப்பார்கள்.

என்ன கேட்பது? "என்ன பிரச்சினை?" என்று ஆரம்பித்தால், பலமுறை சொல்லிப் பழகிய அதே கதை வரும். "கடைசியாக இரண்டு பேரும் நன்றாகப் பேசிக்கொண்டது எப்போது?" என்று கேளுங்கள். யோசிக்க வேண்டியிருக்கும். அந்த யோசனையில்தான் உண்மையான தேதி வரும். வீட்டுப் பங்குச் சண்டை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த ஒன்றில், பதில் "என் மகள் ஞானஸ்நானத்துக்கு அவர் வரவில்லை" என்று வந்தது. பங்குப் பேச்சு அதற்கு இரண்டு வருடம் பின்னால் தொடங்கியது.

கேட்கும்போது தலையாட்டாதீர்கள். நம் ஊரில் தலையாட்டுவது "ஆமாம், நீங்கள் சொல்வதுதான் சரி" என்று ஆகிவிடும். பிறகு "அவரே ஒத்துக்கிட்டார்" என்று உங்கள் பெயரில் செய்தி போகும். கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்: "மூன்று முறை போன் செய்தீர்கள், அவர் எடுக்கவில்லை. அதுதானே?" தீர்ப்பு சொல்லாமலே, கவனித்தீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

"எல்லாம் வந்தவள் செய்கிற வேலை" என்ற பேச்சு எப்படியும் வரும். ஆண்கள் இருவரும் தங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பழியை மனைவிகள் மேல் இறக்கி வைப்பார்கள். அந்த வசதியை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். "அவர்களிடம் நான் பிறகு பேசுகிறேன், நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். பிறகு உண்மையிலேயே அந்தப் பெண்களிடமும் பேசுங்கள். அவர்கள் சம்மதம் இல்லாத ஒப்பந்தம் படியிறங்குவதற்குள் முறிந்துவிடும்.

கிளம்பும்போது, "இதில் எதை அவரிடம் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது?" என்று கேளுங்கள். சொல்லக்கூடாது என்றதை எந்தக் காரணத்துக்காகவும் சொல்லாதீர்கள். நல்லெண்ணத்தோடு கொண்டுபோனாலும் அது கோள்தான். விறகில்லாமல் நெருப்பு அவியும் என்ற வசனத்தில் விறகு நாமாக இருக்கக்கூடாது.

5. காகிதத்தையும் மனதையும் பிரியுங்கள்

சொத்து இருக்கிற சண்டையில், யாருக்கு என்ன உரிமை என்பது தெரியாமல் "விட்டுக்கொடுங்கள்" என்று பேசுவது பிரயோசனமில்லை. தன்னுடையது எது என்று தெரிந்தவர்தான் அதை விட்டுக்கொடுக்க முடியும்.

உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்துக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. நம் உதாரண வீட்டில் சொத்தை ஒன்பது பங்காக்கினால் அம்மாவுக்கு மூன்று, அண்ணன், தம்பி, தங்கை மூவருக்கும் இரண்டிரண்டு. பழைய திருவிதாங்கூர் பகுதியில் பெண்பிள்ளைக்குக் குறைத்துக் கொடுக்கும் சட்டம் இருந்தது. மேரி ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று முடித்துவிட்டது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அண்ணனும் தம்பியும் சமாதானமாவதற்கு மிக எளிய வழி தங்கையை விட்டுவிடுவது. "நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு, நீ கையெழுத்துப் போட்டுடு, ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பார்" என்று சொல்வதற்கு ஐயரையே கூட்டிக்கொண்டு வருவார்கள். (நெல்லைப் பக்கம் குருவானவரை ஐயர் என்போம்.) தங்கை மனதார விட்டுக்கொடுத்தால் அது அவள் தாராளம். கேட்காமலே அவள் பங்கைக் கழித்துவிட்டுப் பேசினால், ஒரு சண்டையை முடித்து இன்னொன்றைத் தொடங்குகிறீர்கள். செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேயிடம் வந்து தகப்பன் பங்கைக் கேட்டபோது, அவர்கள் கேட்பது சரி என்றுதான் கர்த்தர் சொன்னார். எண்ணாகமம் 27இல் இருக்கிறது.

உட்காருவதற்கு முன் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றின் நகலும் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். இரு பக்கத்துக்கும் சொந்தமில்லாத ஒரு வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். சந்தேகம் காகிதத்தில் தீர்ந்துவிட்டால், பேச வேண்டியது மனக்குறை மட்டும்தான். பல வீடுகளில் இந்தப் படி முடிந்ததுமே சத்தம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை: நீங்கள் பங்கு பிரித்துக் கொடுக்காதீர்கள். சகோதரன் பங்கைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லும் என்று ஒருவன் கேட்டபோது, என்னை உங்களுக்குப் பங்கிடுகிறவனாக வைத்தவன் யார் என்று இயேசுவே ஒதுங்கிக்கொண்டார். அதன்பின் பொருளாசையைப் பற்றிப் பேசினார். அளவு நாடா பிடிப்பது நில அளவரின் வேலை.

6. இப்போது கூட்டி உட்கார வையுங்கள்

இருவரும் தங்கள் தாளின் அடிப்பகுதியை, அதாவது "நான் செய்தது" என்பதை, உங்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்களா? இல்லையென்றால் இன்னும் நாள் ஆகவில்லை. சொல்லாத ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் அவர் வாதாடத்தான் வருவார்.

இடம் இருவரில் ஒருவர் வீடாக இருக்கக்கூடாது. சபை அலுவலகமும் வேண்டாம் என்பேன், ஜன்னல் வழியாக ஊரே பார்க்கும். பொதுவான ஒரு உறவினர் வீடு, காலை பத்து மணி, சாப்பிட்ட வயிறு. பண்டிகை, கல்யாணம், துக்க வீடு மூன்றிலும் வேண்டவே வேண்டாம். அங்கே எல்லோரும் ஏற்கெனவே உணர்ச்சிவசப்பட்டிருப்பார்கள். அன்று அழுது கட்டிக்கொள்வார்கள், நாற்பதாம் நாள் மறுபடி பேசமாட்டார்கள்.

ஆள் குறைவாக இருக்கட்டும். மத்தேயு 18இல் வரிசை தெளிவாக இருக்கிறது: முதலில் தனித்திருக்கையில், அப்புறம் இரண்டொருவர், அதற்கும் கேட்காவிட்டால்தான் சபை. நாம் அதைத் தலைகீழாக்கி, முதலிலேயே கமிட்டி உறுப்பினர் எட்டுப் பேரைக் கூட்டிவிடுகிறோம். எட்டுப் பேர் முன்னால் யாரும் தோற்கச் சம்மதிக்க மாட்டார்கள்.

தொடக்க ஜெபம் நான்கு வரிக்கு மேல் போகக்கூடாது. ஜெபத்தில் குத்திக் காட்டுவது நம்மிடையே ஒரு கலை. "ஆண்டவரே, கடினப்பட்ட இருதயங்களை உடைத்தருளும்" என்று சொல்லும்போது எந்த இருதயம் என்று அறையில் எல்லோருக்கும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்ல முடியாதவரை அடிப்பது நியாயமில்லை. அதனால் ஜெபத்தை நீங்களே செய்யுங்கள், கட்சிக்காரர்களிடம் கொடுக்காதீர்கள்.

முதலில் பேச வேண்டியது சின்னவர், அல்லது கை தாழ்ந்தவர். பெரியவர் முதலில் பேசினால் மரியாதைக்காகச் சின்னவர் வாயை மூடிக்கொள்வார், வெளியே போய்ப் பேசுவார். ஒருவர் பேசி முடிக்கும்வரை அடுத்தவர் குறுக்கே வரக்கூடாது. முடித்ததும் அவர் சொன்னதை மற்றவர் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகுதான் பதில். இது செயற்கையாக இருக்கிறது என்று முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, விடாதீர்கள். "நீ தனியா அம்மாவைப் பார்த்துக்கிட்டேன்னு சொல்றே" என்று தம்பி வாயிலிருந்து கேட்டபோதுதான் ஒரு அண்ணன் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். யாராவது அதைச் சொல்லமாட்டார்களா என்று அத்தனை வருடம் காத்திருந்திருக்கிறார்.

குரல் உயர்ந்தால் பத்து நிமிடம் நிறுத்துங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். முடியாவிட்டால் இன்னொரு நாள் குறித்துக்கொண்டு கலையுங்கள். களைத்தவர்கள் எதற்கும் சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் வருத்தப்படுவார்கள்.

7. மன்னிப்புக்கு முன்னும் பின்னும்

எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் கேட்கும் மன்னிப்பு பாதிதான். வரி வசூலிப்பவரான சகேயு, ஏமாற்றியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றார். நாலு மடங்கு கேட்க வேண்டாம், ஆனால் அடகு வைத்த அம்மா நகையை மீட்டுத் தருவதாகச் சொன்னால், எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள்.

புண்பட்டவரை அந்த இடத்திலேயே "மன்னிச்சிட்டேன்னு சொல்லு" என்று நெருக்காதீர்கள். சிலருக்கு நாள் ஆகும். மன்னிப்பும் நம்பிக்கையும் ஒன்றல்ல என்பதையும் இருவருக்கும் சொல்லிவிடுங்கள். யோசேப்பு, தன்னை விற்றுப்போட்ட சகோதரர்களைக் கண்டவுடனே நான்தான் யோசேப்பு என்று சொல்லவில்லை. தானியம் கொடுத்தார், பணத்தைத் திருப்பி வைத்தார், பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தைப் போட்டுப் பார்த்தார். தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று யூதா முன்வந்த பிறகுதான் அடக்கமாட்டாமல் அவர்கள் முன்னால் அழுது, தான் யார் என்று சொன்னார். கடனை மன்னித்துவிட்டேன், ஆனால் மறுபடி ஜாமீன் கையெழுத்துப் போடமாட்டேன் என்று ஒருவர் சொன்னால், அவரைக் கடின மனசுக்காரர் என்று சொல்லாதீர்கள்.

8. எழுதி வையுங்கள்

"நம்ம பிள்ளைங்கதானே, எதுக்கு எழுத்து?" என்பார்கள். லாபானும் யாக்கோபும் மாமனார் மருமகன்தான். கற்களைக் குவியலாக்கி, தீங்கு செய்ய இதைத் தாண்டி வரமாட்டோம் என்று உடன்படிக்கை பண்ணிக்கொண்டார்கள். கர்த்தர் எனக்கும் உனக்கும் நடுநின்று கண்காணிக்கட்டும் என்ற அந்த மிஸ்பா வசனத்தை நாம் ஆசீர்வாதமாகச் சுவரில் மாட்டுகிறோம். உண்மையில் அது ஒருவரை ஒருவர் நம்பாத இருவர் போட்ட ஒப்பந்தம். அதன்பிறகு அவர்கள் சண்டை போட்டதாக வேதத்தில் இல்லை.

அரைப் பக்கம் போதும். யார், எதை, எந்தத் தேதிக்குள். அம்மா எந்த மாதம் யார் வீட்டில், மருந்துச் செலவு யாருக்கு எவ்வளவு என்பதும் அதில் வரட்டும். ஆளுக்கு ஒரு நகல். நிலம், வீடு என்றால் இந்தத் தாள் போதாது. பாகப்பிரிவினைப் பத்திரமோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிவை நல்ல நாள் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள், மனது மாறுவதற்கு ஒரு மாதம் தாராளம்.

9. இரண்டு வாரம் கழித்து ஒரு போன்

எல்லோரும் மறக்கிற படி இது. பழைய சந்தேகம் இரண்டாவது வாரத்தில் எட்டிப் பார்க்கும். "போன் பண்ணுவேன்னு சொன்னார், பண்ணலை." தம்பிக்கு உண்மையில் இரவு வேலையாக இருந்திருக்கும். நீங்கள் ஒரு வார்த்தை கேட்டால் அங்கேயே அணைந்துவிடும்.

பெரிய விருந்துக்கு ஏற்பாடு செய்யாதீர்கள். சின்ன காரியங்கள் போதும்: அசனத்தன்று (சபை விருந்து) ஒரே பந்தியில் உட்காருவது, பிள்ளை பரீட்சை முடிவுக்கு ஒரு வாழ்த்து, ஊரிலிருந்து வரும்போது நாலு தேங்காய். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "சமாதானமாகிவிட்டார்கள், ஸ்தோத்திரம்" என்று அறிவிக்க யாருக்கும் கை துறுதுறுக்கும். தடுத்துவிடுங்கள். சபையில் சாட்சியாகச் சொல்லச் சொல்வதும் வேண்டாம்.

10. நடக்கவில்லை என்றால்

ரோமர் 12இல் பவுல், "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று இரண்டு அளவு போட்டுத்தான் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள் என்கிறார். எல்லா இடத்திலும் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மாற்கைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்பதில் அவரும் உடன் ஊழியர் பர்னபாவுமே கடுமையாகப் பிரிந்து வேறு வேறு வழி போனார்கள். பின்னாளில் அதே மாற்கை, ஊழியத்தில் பிரயோஜனமுள்ளவன், அழைத்துக்கொண்டு வா என்று எழுதினார். நடுவே எத்தனையோ வருடம்.

பேசியும் தீராத சொத்து விஷயத்துக்கு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சமரச மையமும் மக்கள் நீதிமன்றமும் இருக்கின்றன. மக்கள் நீதிமன்றத்தில் இருவரும் ஒத்துக்கொண்டு முடித்தால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, நிலுவையில் இருந்த வழக்குக்குக் கட்டிய கட்டணமும் திரும்பக் கிடைக்கும். கோர்ட்டுக்குப் போவது பாவம் என்று பயமுறுத்தி, இருபது வருடம் பேசாமல் இருக்க வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சமாதானம் என்றால் மறுபடி ஒரே வீட்டில் பொங்கித் தின்ன வேண்டும் என்பதும் இல்லை. அண்ணன் ஏசா, தன்னை ஏமாற்றிய தம்பி யாக்கோபை நானூறு பேரோடு வந்து கட்டிக்கொண்டு அழுதான். சேர்ந்து போகலாம் என்றும் கூப்பிட்டான். யாக்கோபு பக்குவமாக மறுத்துவிட்டு சுக்கோத்துக்குப் போனான், ஏசா சேயீருக்குப் போனான். பிறகு தகப்பனை அடக்கம்பண்ண இருவரும் சேர்ந்து வந்தார்கள்.

நான் கிறிஸ்துமஸுக்குக் கெடுத்துவைத்த அந்த அண்ணன் தம்பியும் இப்போது அந்த அளவில்தான் இருக்கிறார்கள். வீட்டுக்குப் போக்குவரத்து இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது மாற்றி மாற்றி ஆஸ்பத்திரியில் இருந்தார்கள், ஒருவர் டிபன் பாத்திரத்தை மற்றவர் கழுவி வைத்தார்.

கடைசியாக, அந்த நோட்டு. எல்லாம் முடிந்ததும் எழுதிய பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போடுங்கள். அலமாரியில் வைத்திருந்தால் என்றைக்காவது யாராவது எடுத்து வாசிப்பார்கள்.